எண்ணிக்கை ஏறியபோது நின்றவர்கள்: பெரியம்மை ஒழிப்பில் தலைமை, பீகார் 1973–75

1973 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் சுகாதார ஊழியர்கள் வழக்கமான வேலையை ஒரு வாரம் ஒதுக்கி வைத்துவிட்டு ஊர் ஊராகப் போனார்கள். பெரியம்மை எங்கே இருக்கிறது என்று விசாரித்து வருவது மட்டும்தான் வேலை. சில நூறு நோயாளிகள் தேறுவார்கள் என்று திட்டத்தை நடத்தியவர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் சுமார் 10,000 பேர் கிடைத்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் அதுவரை எந்த அரசுப் பதிவேட்டிலும் ஏறாதவர்கள்.

பொது சுகாதாரத்தில் தலைமைப் பண்பு என்று பேச்செடுத்தால் தொலைநோக்கு, தகவல் தொடர்பு, குழு உணர்வு, நேர்மை என்று ஒரு பட்டியல் வந்துவிடும். பயிற்சி வகுப்புகளில் அதைத் திரையில் போட்டுக் காட்டி, கைதட்டி முடித்துவிடுகிறோம். அந்தப் பட்டியலில் எது நெருக்கடியில் நிஜமாகவே உதவுகிறது என்று பார்க்க, இந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். இதைப் படித்த அளவில் எனக்குத் தோன்றுவது இதுதான்: கெட்ட செய்தி கீழிருந்து மேலே தங்குதடையின்றி வர வழி செய்வது, கொண்டுவந்தவரைத் தண்டிக்காமல் விடுவது, வந்த எண்ணிக்கையைப் பார்த்துத் தடுமாறாமல் இருப்பது, இந்த மூன்றும் இல்லாத இடத்தில் மற்ற பண்புகளுக்கு வேலையே இல்லை.

பின்னணி

பெரியம்மையை உலகிலிருந்தே ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் முடிவெடுக்கும் அவையான உலக சுகாதாரப் பேரவை 1959இலேயே தீர்மானம் போட்டது. பணமும் இல்லை, ஆளும் இல்லை. தீர்மானம் தீர்மானமாகவே கிடந்தது. 1966இல் தீவிரத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 24 லட்சம் டாலர் கேட்டபோது, மிகக் குறுகிய வாக்கு வித்தியாசத்தில்தான் அது தேறியது. உலக சுகாதார நிறுவனத்தின் அன்றைய தலைமை இயக்குநர் மார்கோலினோ கந்தாவுக்கே இதில் நம்பிக்கை இல்லை. மலேரியா ஒழிப்புத் திட்டம் கண்ணெதிரே தள்ளாடிக்கொண்டிருந்ததால், அவருடைய சந்தேகத்தைக் குறை சொல்லவும் முடியாது. அமெரிக்கரான டொனால்ட் ஹெண்டர்சன் பொறுப்பேற்று, 1967 ஜனவரியில் வேலை தொடங்கியது. அந்த ஆண்டில் உலகில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெரியம்மை கண்டிருக்கும் என்பது பின்னர் போடப்பட்ட கணக்கு. நோய் கண்டவர்களில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் முகத்தில் தழும்போடு வாழ்ந்தார்கள், பலருக்குப் பார்வையும் போனது.

கையில் இருந்த கருவிகள் நல்லவை. வெயிலில் கெடாத உறைஉலர் தடுப்பு மருந்து இருந்தது. இரண்டு முனையுள்ள சின்ன ஊசி வந்திருந்தது. மருந்தில் தோய்த்து எடுத்து, கையில் 15 முறை குத்தினால் போதும், பழைய அளவில் நான்கில் ஒரு பங்கு மருந்தே செலவாகும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அரைமணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஏனைய எல்லாவற்றிலும் முறைத்துக்கொண்டிருந்த காலத்தில், இந்த ஒன்றில் கைகோத்தன. பெருமளவு தடுப்பு மருந்தைக் கொடுத்தது சோவியத்தான்.

இந்தியா 1962இலேயே தேசியத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. எல்லோருக்கும் குத்திவிடுவது என்பதுதான் அதன் வழி. குத்திய ஊசிகளின் எண்ணிக்கையை மாவட்டம் மாவட்டமாகக் கூட்டி மேலே அனுப்பினார்கள். கணக்கு பிரமாதமாக இருந்தது, நோயும் இருந்தது. காரணம் எளிது. எளிதில் கைக்கு அகப்படும் பள்ளிப் பிள்ளைகளுக்கே திரும்பத் திரும்பக் குத்தப்பட்டது. வேலை தேடி அலைபவர்கள், ஊருக்கு வெளியே இருப்பவர்கள், அம்மை நோயின் தெய்வமாக வட இந்தியாவில் வணங்கப்படும் சீதளா தேவியின் வருகையை ஊசியால் அவமதிக்கக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டவர்கள் விடுபட்டுப் போனார்கள். எண்ண வேண்டியது ஊசியையா நோயையா என்ற கேள்வியை அப்போது யாரும் உரக்கக் கேட்கவில்லை.

ஓகோஜாவில் கிடைத்த வழி

1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவின் ஓகோஜா பகுதியில் பெரியம்மை தலைகாட்டியது. அங்கே மருத்துவப் பணியில் இருந்த வில்லியம் ஃபேகியிடம் இருந்த மருந்து, அந்தப் பகுதி மக்கள் எல்லோருக்கும் போதாது. அவர் அன்று மாலையே மிஷனரிகளின் வானொலித் தொடர்பில் பேசி, ஆளுக்கு ஒரு வட்டாரமாகப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு ஊருக்கும் ஆளனுப்பிக் கேட்கச் சொன்னார். மறுநாள் நோய் இருக்கும் ஊர்கள் தெரிந்துவிட்டன. அந்த ஊர்களில் முதலில் குத்தினார்கள். மிஞ்சிய மருந்தை எங்கே செலவிடுவது? சந்தைக்கு மக்கள் எந்தப் பக்கம் போகிறார்கள், உறவு எந்த ஊரில் என்று பார்த்து, நோய் அடுத்துப் போகக்கூடிய இடங்களை ஊகித்துக் குத்தினார்கள். சில வாரங்களில் பரவல் நின்றது. மக்களில் பெரும்பாலோருக்கு ஊசியே போடப்படாமல் நின்றது.

இது பலித்ததற்குப் பெரியம்மையின் குணம் ஒரு காரணம். தொற்றிய பிறகு நோய் வெளிப்பட ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். கொப்புளம் வெளியே தெரியும், மறைக்க முடியாது. வெளியே தெரியாமல் உள்ளுக்குள் சுமந்து பரப்புகிறவர்கள் இல்லை. தொற்றிய சில நாட்களுக்குள் குத்தினாலே காப்பாற்றும். ஆகவே நோயாளியைக் கண்டுபிடித்து, சுற்றியிருப்பவர்களுக்குக் குத்தி வளைத்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும்.

மருந்துத் தட்டுப்பாட்டில் செய்த சமாளிப்பு ஒன்றைப் புதிய முறையாக அடையாளம் கண்டதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. தட்டுப்பாடு தீர்ந்ததும் பழைய வழிக்கே திரும்பிப் போகிற நிர்வாகங்கள்தான் அதிகம்.

தேடல் வாரம்

1973இல் இந்தியாவில் மீதமிருந்த பெரியம்மையில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசம், பீகார், மத்தியப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகிய நான்கு மாநிலங்களில் இருந்தது. அங்கேதான் இந்தத் தேடலும் வளையமும் வந்தன. எம்.ஐ.டி. சர்மா, மகேந்திர தத்தா, ஆர்.என். பாசு, சி.கே. ராவ் போன்ற இந்திய அதிகாரிகளும், உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பிரிவில் இதை நடத்திய நிக்கோல் கிராசேயும், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஃபேகியும் ஒரே குழுவாக இருந்தார்கள். வெளிநாட்டவர் வந்து செய்துகொடுத்த கதையாக இதைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. களத்தில் நடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியச் சுகாதார ஊழியர்கள். மாநில அரசை வழிக்குக் கொண்டுவந்ததும் பெரிதும் இந்திய அதிகாரிகளே.

தேடல் எப்படி நடந்தது என்பதைச் சற்று அருகில் பார்க்கலாம். ஊழியர் கையில் ஒரு படம்: உடம்பெல்லாம் கொப்புளத்தோடு ஒரு குழந்தை. அந்தப் படத்தைக் காட்டி, 'இப்படி யாருக்காவது வந்திருக்கிறதா' என்று கேட்பார். முதலில் ஊர்த் தலைவரிடம், பிறகு டீக்கடையில், பிறகு சந்தையில். பள்ளிக்கூடத்தில் கேட்டால் பலன் அதிகம். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்காது. பின்னாளில் இது வீடு வீடாகவே மாறியது. போன வீட்டுச் சுவரில் தேதியை எழுதிவிட்டு வர வேண்டும். சில நாள் கழித்து வேறொருவர் வந்து, சில ஊர்களை மட்டும் பொறுக்கியெடுத்து, 'யாராவது வந்தார்களா? படம் காட்டினார்களா? தகவல் சொன்னால் பணம் என்று சொன்னார்களா?' என்று மக்களிடமே கேட்பார். ஊழியர் எழுதிய அறிக்கையை ஊழியரை வைத்தே சரிபார்க்காமல், ஊர்க்காரர் வாயால் சரிபார்த்தார்கள்.

நோய் இருந்த வீட்டின் வாசலில் காவலுக்கு ஆள். இரவும் பகலும் மாறி மாறி இருப்பார்கள். உள்ளே போகிறவர் யாரானாலும் ஊசி குத்திக்கொண்டுதான் போக வேண்டும். நோயாளி வெளியே வராமல் இருக்க, அந்த வீட்டுக்குச் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்தார்கள். வேலைக்குப் போனால்தான் சாப்பாடு என்றிருக்கும் வீட்டில், 'வெளியே போகாதே' என்று சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மாதந்தோறும் மாநில அளவில் கூட்டம். ஒரு மாவட்டத்தில் ஒருவர் கண்டுபிடித்த சின்ன உத்தி அடுத்த மாத வேலைத் திட்டத்தில் எல்லோருக்கும் சேர்ந்துவிடும். காவலாளுக்குக் கூலி எப்படிக் கொடுப்பது, படிவத்தில் எந்தக் கட்டத்தை எடுத்துவிடலாம் என்கிற அளவுக்குப் பேசினார்கள். பேச்சின் மையம் மாறியிருந்தது என்பதுதான் முக்கியம். எத்தனை ஊசி என்று கேட்பது நின்றது. நோய் தொடங்கிய நாளுக்கும் நாம் கண்டுபிடித்த நாளுக்கும் இடையே எத்தனை நாள், வளைத்த பிறகும் மூன்று வாரம் தாண்டிப் புது நோயாளி வருகிறாரா என்று கேட்டார்கள். இந்தக் கேள்விகளுக்குப் பொய்யான பதில் சொல்வது கடினம்.

அதற்கு முன்பு, தன் மாவட்டத்தில் அம்மை என்று எழுதி அனுப்புகிற அதிகாரிக்குக் கிடைத்தது திட்டு. சில இடங்களில் அதைவிட மோசம். 'இத்தனை ஊசி குத்தியதாக எழுதினாயே, பிறகு நோய் எப்படி வந்தது?' என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ஆகவே எழுதாமல் விடுவதே புத்திசாலித்தனம். 1973இன் அந்த 10,000 பேர் திடீரென்று முளைத்தவர்கள் அல்லர், மறைக்கப்பட்டிருந்தவர்கள். மறைத்தவர்கள் கெட்டவர்களும் அல்லர், தலைமை எதற்குப் பரிசு தந்ததோ அதைச் செய்தவர்கள். அதை மாற்ற, தகவல் சொல்பவருக்குப் பணம் என்று அறிவித்தார்கள். 50 ரூபாயில் தொடங்கியது, நோய் அருகிவரும்போது 1,000 ரூபாய் வரை ஏறியது. அன்றைய 1,000 ரூபாய் கூலியாள் ஒருவருக்குப் பல மாத வருமானம்.

மே 1974

தேடல் நன்றாக நடக்க நடக்க எண்ணிக்கை ஏறியது. இதை முன்கூட்டியே எத்தனை முறை சொல்லி வைத்தாலும், மேலே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அது தோல்வியாகவே தெரியும். வசந்தமும் கோடையும் பெரியம்மை பரவும் காலம் வேறு. 1974இல் இந்தியா முழுவதிலும் பதிவான நோயாளிகள் சுமார் 1,88,000 பேர். அந்த ஆண்டின் பெரும் சுமை பீகாரில் விழுந்தது.

மே மாதம் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தம். பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயண் தலைமையில் கிளர்ச்சி. மே 18இல் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை. குண்டு வெடிக்கத் தெரிந்த நாட்டில் பெரியம்மை இவ்வளவா என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. இதற்கிடையே அன்றைய பீகாரில் இருந்த ஜாம்ஷெட்பூரின் டாடாநகர் ரயில் நிலையத்திலிருந்து நோய் பல மாநிலங்களுக்கு ஏறிப்போய்க்கொண்டிருந்தது தெரியவந்தது. தொழில் நகரம், வேலைக்கு வந்து நோய் கண்டவர்கள் சொந்த ஊருக்கு ரயிலேறினார்கள். டாடா நிறுவனத்திடம் போய் உதவி கேட்டார்கள். ஆட்களையும் வண்டிகளையும் கொடுத்து அந்தப் பகுதியின் கட்டுப்பாட்டு வேலையில் நிறுவனம் இறங்கியது.

பீகாரின் சுகாதார அமைச்சர் பொறுமை இழந்தார். சட்டமன்றத்திலும் பத்திரிகையிலும் அடி வாங்குபவர் அவர். இந்தத் தேடல் போதும், பழையபடி எல்லோருக்கும் ஊசி போடும் வழிக்குத் திரும்புவோம் என்று மாநிலக் கூட்டத்திலேயே சொன்னார். ஃபேகியும் மற்றவர்களும் எடுத்துச் சொன்ன கணக்குகள் எதுவும் எடுபடவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து இளம் இந்திய மருத்துவர் ஒருவர் எழுந்தார். தான் கிராமத்தான் என்று தொடங்கி, தன் ஊரில் ஒரு வீடு தீப்பற்றினால் எரியும் வீட்டுக்குத்தான் எல்லோரும் தண்ணீர் ஊற்றுவோம், மற்ற வீடுகளுக்கெல்லாம் ஊற்றிக்கொண்டிருக்க மாட்டோம் என்றார். அமைச்சர் யோசித்துவிட்டு, இன்னும் ஒரு மாதம் தருகிறேன் என்றார்.

இந்தக் காட்சியை ஃபேகி பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். கேட்பவர்கள் அந்த மருத்துவரின் சொல்வன்மையைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு வேறு மூன்று பேர் கண்ணில் படுகிறார்கள். அமைச்சர் முன்னால் இளையவர் ஒருவர் வாய்திறந்து பேசலாம் என்ற சூழலை மாதக் கூட்டங்களில் பழக்கியிருந்தவர்கள் ஒரு பக்கம். பலர் முன்னிலையில் அறிவித்த முடிவை, பலர் முன்னிலையிலேயே தளர்த்திய அமைச்சர் மறுபக்கம். அரசியலில் இது அவ்வளவு எளிதல்ல, அவருக்கு யாரும் சிலை வைக்கவுமில்லை. மூன்றாவதாக, கிடைத்த ஒரு மாதத்தைப் பயன்படுத்தத் தயாராக இருந்த களக் குழுக்கள். அடுத்த கூட்டத்தில் காட்டுவதற்கு அவர்களிடம் ஏதாவது இருந்தாக வேண்டும். புது நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் காட்டியிருந்தால் அமைச்சர் மறுபடி கைவிட்டிருப்பார். இத்தனை ஊர்களை வளைத்தோம், அவற்றில் இத்தனையில் பரவல் நின்றது என்று அவர்களால் காட்ட முடிந்தது. பருவமழையும் துணைக்கு வந்தது; மழைக்காலத்தில் பெரியம்மை தானாகவே தணியும். தணிந்த மாதங்களில் ஓய்ந்துவிடாமல், மிஞ்சிய கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுத்தார்கள்.

1975 மே 17இல் பீகாரில் கண்டது இந்தியாவில் தோன்றிய கடைசிப் பெரியம்மை. மே 24இல் அசாமின் கரீம்கஞ்சில், வங்கதேசத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கண்டது இறக்குமதியானது. உச்சத்திலிருந்து கடைசிக்கு ஓராண்டு.

ஜெனீவாவில் இருந்தவர்

ஹெண்டர்சனைப் பற்றித் தனியாகச் சிறிது சொல்ல வேண்டும். அவருடைய தலைமையகக் குழு மிகச் சிறியது. அதிலிருப்பவர்கள் ஆண்டில் மூன்றில் ஒரு பங்காவது களத்தில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார், தானும் போனார். களத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அறிக்கையில் எது கற்பனை என்று தெரியும் என்பது அவருடைய பிடிவாதம். நாடு வாரியான நோய் எண்ணிக்கையை அடிக்கடி அச்சிட்டு எல்லா நாடுகளுக்கும் அனுப்பினார். மறைப்பதைவிடச் சொல்வது இயல்பு என்ற பழக்கம் அப்படித்தான் வந்தது. தன் யோசனை அல்லாத ஒன்றை, அதாவது ஓகோஜா முறையை, உலகத் திட்டத்தின் நடுவில் வைக்க அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. முதலில் எழுதிய திட்டத்தில் 80 சதவீத மக்களுக்கு ஊசி என்று இலக்கு வைத்தவரும் அவரே. ஆள் கடுமையானவர், மேலதிகாரிகளோடு ஓயாமல் உரசியவர். எல்லோரிடமும் இனிமையாக இருப்பது தலைமைப் பண்பு என்று சொல்பவர்களுக்கு அவர் சங்கடமான உதாரணம்.

யாரும் படத்தில் போடாத பகுதி

கடைசிக் கட்டத்தில் கட்டாயம் நுழைந்தது. இரவில் வீட்டுக் கதவை உடைத்துப் போய், மறுத்தவர்களைப் பிடித்து அமுக்கிக் குத்திய சம்பவங்கள் இந்தியாவிலும் வங்கதேசத்திலும் நடந்ததைக் களத்தில் இருந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டு உழைப்பு ஒரே ஒரு மறைந்த நோயாளியால் வீணாகிவிடும் என்ற பயம் அதற்குப் பின்னால் இருந்தது. பயத்தைப் புரிந்துகொள்ளலாம், அதற்காகச் செயலை நியாயப்படுத்த முடியாது. ஊர்க்காரரின் வாய்மொழியை நம்பித் தன் ஊழியரையே சரிபார்த்த அதே அமைப்பு, ஊர்க்காரரின் மறுப்பை மட்டும் கேட்க வேண்டிய தகவலாகக் கொள்ளவில்லை. சீதளாவின் பூசாரிகளோடும் ஊர்ப் பெரியவர்களோடும் உட்கார்ந்து பேசி வழிக்குக் கொண்டுவந்த இடங்களும் இருந்தன. அதற்கு நாட்கள் கூடுதலாகப் பிடித்தன. மேலே இருந்தவர்கள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்ததால், கீழே இருந்தவர்கள் கதவை உடைத்தார்கள். எதை அளக்கிறோம் என்பது முன்பு நன்மை செய்ததுபோல, இங்கே தீமையும் செய்தது. பயிற்சி வகுப்பில் இந்த நிகழ்வை எடுக்கிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிட்டால், மீதியும் விளம்பரமாகிவிடும்.

பூஜ்யத்துக்குப் பிறகு

கடைசி நோயாளிக்குப் பிறகும் தேடல் நிற்கவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் 10 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளைத் தட்டினார்கள். காய்ச்சலோடு கொப்புளம் என்று எங்கே தகவல் வந்தாலும் பதிவேட்டில் ஏற்றி, இன்னொருவர் போய்ப் பார்த்து, சின்னம்மை என்று உறுதி செய்த பிறகே பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். நோயே இல்லாத நேரத்தில் இவ்வளவு செலவா என்று கேட்கப்பட்டது. இல்லை என்று சொல்வதற்குத் தேடியிருக்க வேண்டும் என்பதே பதில். 1977 ஏப்ரலில் சர்வதேசக் குழு இந்தியாவைப் பெரியம்மை இல்லாத நாடு என்று சான்றளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் சோமாலியாவின் மெர்க்காவில் மருத்துவமனைச் சமையல்காரர் அலி மாவ் மாலினுக்குக் கண்டது இயற்கையாகப் பரவிய கடைசிப் பெரியம்மை. 1980 மே 8இல் உலகமே விடுபட்டதாகப் பேரவை அறிவித்தது.

இந்த வெற்றியைப் பார்த்துவிட்டு, நோயாளியைத் தேடி வளைக்கும் முறையை எல்லா நோய்க்கும் போட்டுப் பார்க்கும் ஆசை பிறகு பலருக்கு வந்தது. போலியோவில் தொற்று ஏறக்குறைய 200 பேருக்கு ஏற்பட்டால் ஒருவருக்குத்தான் கால் முடங்கும். அவரைக் கண்டுபிடிக்கும்போது மற்றவர்கள் ஓசையில்லாமல் பரப்பி முடித்திருப்பார்கள். அங்கே வளையம் தனியாக நிற்காது. இந்தியா ஐந்து வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் சுற்றுச் சுற்றாகச் சொட்டு மருந்து கொடுத்துத்தான் 2014இல் போலியோ இல்லாத நாடு என்ற சான்றைப் பெற்றது. கோவிட் அறிகுறி தெரியும் முன்பே பரவியது. பீகாரில் எல்லோருக்கும் குத்தும் வழிக்குத் திரும்பக் கூடாது என்று வாதாடியவர்கள் சரியாக இருந்ததற்குப் பெரியம்மையை அவர்கள் நன்றாக அறிந்திருந்தது காரணம். அதே வாதத்தை 1990களில் போலியோ கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொல்லியிருந்தால், அவரை உட்காரச் சொல்வதுதான் அன்றைய தலைவரின் வேலையாக இருந்திருக்கும்.